தேயிலைச் சாலையில் கரடித் தடம்: பாரிஸ் சாந்தில் வார்ப்பு எடுத்த பதிவு

நாலாவது வார்ப்பில்தான் ஐந்து நகங்களும் முனை உடையாமல் வந்தன. கோத்தகிரிப் பக்கம், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், சோலைக்கும் தேயிலைக்கும் நடுவே போகும் எஸ்டேட் மண்சாலையில் பதிந்த கரடியின் முன்கால் தடத்தில், பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) மாவைக் கரைத்து ஊற்றி எடுத்த அச்சு அது. அதற்கு முந்தைய மூன்றும் மூன்று விதமாகக் கெட்டன. எது ஏன் கெட்டது, எந்த அளவு சரிப்பட்டது என்பதை வரிசையாக இங்கே எழுதி வைக்கிறோம். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குச் சில கிலோ மாவும் பல நாள் அலைச்சலும் மிச்சமாகும்.

தென்னிந்தியக் காடுகளில் இருக்கும் ஒரே கரடி தேன்கரடிதான். அதனால் எந்தக் கரடி என்ற குழப்பம் இல்லை. சட்டப்படி 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. நாங்கள் வேலை செய்தது முழுவதும் பட்டா நிலத்தில், தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டு, வண்டி போகும் சாலையில்.

நேரம் காலை 9 மணிக்கு மேல், மாலை 4 மணிக்குள். எப்போதும் இரண்டு பேர், பேசிக்கொண்டே நடப்பது. இரை தேடும் மும்முரத்தில் இருக்கும் கரடிக்கு ஆள் வருவது தெரியாது. கிட்டத்தில் திடுக்கிட்டால் ஓடுவதைவிட மேலே பாய்வதுதான் அதிகம். இதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. புதுத் தடம் கிடைத்தால் அது போன திசையில் ஒரு அடிகூடப் போகக் கூடாது. வந்த திசையில் பின்னோக்கித்தான் தேட வேண்டும். தடம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்; கரடி இருப்பது ஒரு பக்கத்தில் மட்டும்.

தடம் எங்கே பதியும்

முதல் இரண்டு வாரம் தேடிய இடமே தப்பு. தேயிலை வரிசைகளுக்கு நடுவிலும் சோலை ஓரத்து ஒற்றையடிப் பாதையிலும் பார்த்தோம். தேயிலைக்கு அடியில் கவாத்துச் சருகு மெத்தை போலக் கிடக்கும், அதில் எதுவும் பதியாது. பாதை மண் ஆள் நடந்து நடந்து இறுகிப்போனது. கரடி போன அடையாளம் மட்டும் கிடைத்தது: எறும்பும் கறையானும் தேடிக் கிளறிய குழி, பழக்கொட்டையும் பூச்சி ஓடும் கலந்த எச்சம், மரப்பட்டையில் நகக்கீறல்.

வழி சொன்னது கொழுந்து பறிக்கிற ஒரு அக்கா. "தேயிலக்குள்ள கெடைக்காது தம்பி. மழ விட்டு ரெண்டு நாள் கழிச்சு ரோட்டு வாய்க்கா ஓரத்துல பாருங்க. சேறு இறுகி வர்றப்ப நடந்தா அப்படியே நிக்கும்."

அதுதான் சரி. கரடியும் நம்மைப் போலத் திறந்த வழியில்தான் நடக்கும். சாலை வளைவின் உட்புறத்தில், மழைநீர் வாய்க்கால் சாலைமேல் வழிந்து வண்டல் படிந்த இடங்களில் தடம் நின்றது. வண்டலின் பதத்தைக் கையால் பார்க்கலாம். ஒரு பிடி எடுத்துக் கொழுக்கட்டை பிடித்தால் விரல்ரேகை அதில் பதிய வேண்டும், கையில் மண் ஒட்டக் கூடாது. ஒட்டினால் ஈரம் அதிகம், தடத்தின் சுவர் சரியும். உதிர்ந்தால் ஈரம் போதாது, நக முனை தெரியாது. வடகிழக்குப் பருவமழை இடைவெளி விடும் நாட்களில் இந்தப் பதம் ஒன்றரை நாள் நிற்கும். வெயில் ஏறினால் மேல்தோல் வெடிக்கத் தொடங்கும்.

கரடிதானா என்று பார்ப்பது

முதல் பார்வைக்குப் பின்கால் தடம் வெறுங்காலோடு நடந்த சிறுவனின் அடி போல இருக்கும், குதிகால் உட்பட முழுப் பாதமும் பதியும். வித்தியாசம் விரல்களில். தேன்கரடியின் விரல் மெத்தைகள் அடியில் மயிரில்லாத தோலால் இணைந்திருக்கும்; அதனால் ஐந்து விரலும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில், பட்டை போலப் பதியும். மற்ற பல கரடிகளில் இது வில்லாக வளைந்து வரும். முன்காலில் அந்தப் பட்டைக்கு 5, 6 செ.மீ. முன்னால் ஐந்து நகத்துளை தனியாக நிற்கும். தோண்டுவதற்கான நகம் என்பதால் அவ்வளவு நீளம். பின்கால் நகம் குட்டை, விரலை ஒட்டியே குத்தியிருக்கும்.

சிறுத்தைக்கு நாலு விரல், நகம் தெரியாது. நாய்க்கு நாலு விரல், நகம் தெரியும். முள்ளம்பன்றித் தடத்தில் நகமும் மெத்தையும் தெரிவதால் மங்கலாக இருந்தால் கரடிக்குட்டி என்று தோன்றும். ஆனால் அதன் மெத்தை துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும். தாய்க்கரடி குட்டிகளை மாதக்கணக்கில் முதுகில் சுமந்துதான் திரியும். சின்னத் தடம் இல்லை என்பதால் குட்டி இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பாதுகாப்புக்காக இதை நினைவில் வைக்க வேண்டும்.

இடதா வலதா என்பதில் நாங்கள் தவறினோம். மனிதக் காலில் பெரிய விரல் உள்பக்கம். கரடிக்கு நேர்மாறு: வெளிவிரல்தான் பெரியது, உள்விரல் சிறியது. வித்தியாசம் கொஞ்சம்தான் என்பதால் ஒரு தடத்தை மட்டும் பார்த்துச் சொல்வது சிரமம். அடுத்தடுத்து நாலைந்து அடிகளைப் பார்த்தால் தெளிவாகும். கரடி பாதத்தை உள்பக்கம் திருப்பி நடக்கும், நடைக்கோட்டுக்கு எந்தப் பக்கத்தில் அடி விழுந்திருக்கிறது என்பதும் தெரியும்.

படம் எடுப்பது, சாந்துக்கு முன்

சாந்து ஊற்றினால் தடம் போய்விடும். படம்தான் முதல் பதிவு. மூன்று அடுக்காக எடுத்தோம்: சாலையோடு சேர்த்துத் தொடர் தடம், பிறகு ஒரு தடம் தொடாத நிலையில், பிறகு சருகு எடுத்த நிலையில்.

போனைக் கையில் பிடித்துக் குனிந்து 40 செ.மீ. உயரத்தில் எடுத்த முதல் படங்களில் அளவு தப்பாக வந்தது. காரணம் எளிது. அளவுகோல் தரையில் இருக்கிறது, தடத்தின் அடி அதைவிட 2 செ.மீ. கீழே. 40 செ.மீ. உயரத்திலிருந்து பார்த்தால் அந்த 2 செ.மீ. என்பது 5 சதவீதம், 17.5 செ.மீ. பாதத்தில் 9 மி.மீ. குறைத்துக் காட்டும். 120 செ.மீ. உயரத்துக்குப் போய் 2 மடங்கு ஜூம் வைத்தால் பிழை 3 மி.மீ.க்குள் அடங்குகிறது. இன்னும் நல்ல வழி, தடத்துக்கு 4 செ.மீ. தள்ளி அளவுகோல் அகலத்துக்கு ஒரு பள்ளம் சீவி, கோலைத் தடத்தின் அடிமட்டத்துக்கே இறக்கி வைப்பது. நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று என்று இரண்டு கோல் வேண்டும். போன் தரையைப் பார்க்கும்போது திரையில் இரண்டு கூட்டல் குறி ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் லென்ஸ் மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த வசதி எங்கள் போனில் இருந்தது. இல்லாதவர்கள் சின்ன ரசமட்டத்தைப் போனின் முதுகில் வைத்துப் பார்க்கலாம்.

வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும். உச்சி வெயிலில் தடம் தட்டையாகத் தெரியும். நாங்கள் போகும் நேரத்தில் வெயில் ஏறியிருக்கும் என்பதால், கறுப்புக் குடையால் தடத்தை முழுதாக நிழலாக்கிவிட்டு, டார்ச்சைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒன்றரை அடி தள்ளிப் பிடித்தோம். கேமராவை அசைக்காமல் டார்ச்சை மட்டும் நாலு பக்கமும் நகர்த்தி நாலு படம். விரல் பட்டை ஒரு படத்தில் தெளிவாக இருக்கும், நகத்துளை வேறொன்றில். ஈரச் சேற்றில் வானத்தின் வெளுப்பு பளபளப்பதையும் குடை நிறுத்திவிடுகிறது.

கெட்டுப்போன மூன்று வார்ப்புகள்

பாரிஸ் சாந்து என்றால் கடையில் விழிப்பார்கள், பி.ஓ.பி. மாவு என்று கேட்டால் கிடைக்கும். கூரை அலங்காரத்துக்கு வாங்கும் அதே மாவுதான்.

முதல் வார்ப்பில் மாவை வாளியில் போட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றிக் கிளறினோம். அடியில் கட்டி தட்டியது. கட்டி கரையட்டும் என்று கிளறிக்கொண்டே இருந்ததில் பாதி வாளியிலேயே இறுகத் தொடங்கிவிட்டது. அதிகம் கலக்கினால் சீக்கிரம் இறுகும் என்பது இந்த மாவின் இயல்பு. மிச்சத்தை அவசரமாக நேரே விரல் பட்டையின் மேல் ஊற்றியதில், விரல்களுக்கு நடுவே இருந்த மெல்லிய மண்வரப்பு கரைந்து போனது. நகத்துளை ஐந்திலும் காற்று சிக்கி, வார்ப்பில் நகமே இல்லை.

இரண்டாவதில் முறையைத் திருத்தினோம், மாவு கெட்டிருந்தது. இரண்டு மாதமாகத் திறந்த கவரில் கிடந்த மாவு. மலைக் காற்றின் ஈரத்தை இழுத்து உள்ளுக்குள்ளேயே பாதி இறுகிப்போயிருந்திருக்கிறது, பார்வைக்குத் தெரியாது. 25 நிமிடத்தில் மேலே காய்ந்தது போல இருக்கவே தூக்கினோம், குதிகாலுக்கும் உள்ளங்காலுக்கும் நடுவே இரண்டாக முறிந்தது. இப்போது புறப்படுவதற்கு முந்தின நாள் வீட்டில் சோதிக்கிறோம்: 50 கிராம் மாவு, 32 மி.லி. தண்ணீர், ஒரு மூடியில் ஊற்றி வைப்பது. அரை மணிக்குள் நகம் அழுத்தினால் பதியாத அளவுக்கு இறுகி, நடுவில் தொட்டால் சூடு தெரிய வேண்டும். இறுகும்போது சூடாவது இயல்பு. சூடே வராத மாவைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று அதில் உப்புப் போட்டுச் சரிக்கட்டப் பார்ப்பது வீண்.

மூன்றாவது நல்ல மாவு, நல்ல கலவை, தப்பான மண். வாய்க்கால் வாயருகே சேறு தளர்வாக இருந்தது. பின்கால் தடம் மேல்விளிம்பில் 21.5 செ.மீ. பெரிய கரடி என்றுதான் நினைத்தோம். அதே நடைத்தொடரில் ஆறு அடி தள்ளி, இறுகிய வண்டலில் விழுந்த அதே காலின் தடம் 17.5 செ.மீ. கரடி ஒன்றுதான், மண் காட்டிய அளவு வேறு. தளர்ந்த சேற்றில் கால் இறங்கும்போது சுவர் வெளியே தள்ளப்படும், எடுக்கும்போது இன்னும் கொஞ்சம் இழுபடும். வார்ப்பில் அந்தச் சுவரும் சேர்ந்து வந்து, பாதம் ஒரு கிண்ணம் போலத் தெரிந்தது. அன்றிலிருந்து மேல்விளிம்பை அளப்பதை விட்டுவிட்டோம். மெத்தை சமமாக அழுந்திய அடித்தளம் சுவராக வளைந்து எழும் கோடு எதுவோ, அதுதான் பாதத்தின் அளவு. அந்த வார்ப்பில் அப்படி அளந்தபோது 17.6 வந்தது.

இது சின்ன விஷயம் இல்லை. 1972இல் நடந்த முதல் அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பு கால்தடங்களை நம்பித்தான் நடந்தது. கண்ணாடி வைத்து வரைவது, இதே பாரிஸ் சாந்தில் வார்ப்பு எடுப்பது என்று பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. ஒவ்வொரு தடமும் ஒவ்வொரு புலி என்று பிரித்துவிடலாம் என்ற நம்பிக்கை அதன் அடிப்படை. ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் புலியே மிச்சமில்லை என்று 2005இல் வெளிப்பட்ட பிறகு, தானியங்கிக் கேமராக்களை அடிப்படையாகக் கொண்ட கணக்கெடுப்பு வந்தது. ஒரே விலங்கு ஆறு அடிக்குள் 4 செ.மீ. வித்தியாசம் காட்டுவதைக் கையால் அளந்து பார்த்தால், அந்த முறை ஏன் நிற்கவில்லை என்பது புரியும். எங்கள் வார்ப்பை வைத்து "இங்கே இத்தனை கரடி" என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

மண் படுக்கை

தடத்தைத் தேடி அலைவதற்குப் பதிலாக நல்ல மண்ணை நாமே விரித்து வைப்பது என்று முடிவு செய்ததுதான் திருப்பம். மூன்று முறை தடம் கண்ட வளைவைத் தேர்ந்தெடுத்தோம். அங்கே ஒரு பக்கம் மண்திட்டு, மறுபக்கம் கல்கட்டு. நடந்து போகிற எதுவும் அந்த 2.5 மீட்டரைக் கடந்துதான் போக வேண்டும்.

படுக்கையின் அளவு: சாலைக்குக் குறுக்கே 2.5 மீட்டர், நடக்கும் திசையில் 90 செ.மீ., கனம் 4 செ.மீ. இதற்கு 90 லிட்டர் மண், அதாவது 15 லிட்டர் பெயின்ட் வாளியில் ஆறு வாளி. நாலு வாளி வாய்க்கால் வண்டல், இரண்டு வாளி மெல்லிய மணல். இரண்டையும் 3 மி.மீ. கண் உள்ள சல்லடையில் சலித்தோம். முதலில் வண்டல் மட்டும் போட்டுப் பார்த்தோம், ஒரே நாளில் வெடித்தது. பாதிக்குப் பாதி மணல் போட்டபோது நக முனை மழுங்கியது. இரண்டுக்கு ஒன்று சரியாக வந்தது.

அடித்தரையை முதலில் கொத்திவிட வேண்டும், இல்லையென்றால் மேல்மண் தனித் தகடாகக் கழன்று வரும். கொத்தி, தண்ணீர் தெளித்து, கலவையைப் பரப்பி, மட்டப்பலகையால் இழுத்துச் சமன் செய்து, பிறகு பூவாளியில் இல்லாமல் கைத்தெளிப்பானில் புகை போலத் தெளித்தோம். பூவாளித் துளி விழுந்த குழிகள் தடத்தில் அம்மைத் தழும்பு போல நிற்கும். பகலில் தார்ப்பாய் போட்டு மூடி, மாலை நாலு மணிக்கு எடுத்துவிட்டு வருவது. மழை வரும்போல இருந்தால் மூடியபடியே விட்டுவிடுவது.

படுக்கையில் எதையும் வைக்கக் கூடாது. வெல்லம், பழம், எண்ணெய், எதுவும். எண்ணெய் வாசம் பிடித்துக் கோயிலையும் ரேஷன் கடையையும் உடைக்கும் கரடிகளால் இந்த மலையில் ஏற்கெனவே ஆளுக்கும் கரடிக்கும் தொல்லை. சாலையோரம் தின்னக் கிடைக்கும் என்று ஒரு கரடிக்குப் பழக்குவது அதன் உயிருக்கே உலை வைப்பது.

முதல் இரவு நாய். பிறகு காட்டுப்பன்றி, முயல், மறுபடி நாய். ஏழாம் இரவு காட்டுமாடுகள் மிதித்துப் பாதிப் படுக்கையைச் சாலையோடு சமமாக்கிவிட்டன. இரண்டு வாளி மண் சேர்த்து மறுபடி இழுத்தோம். பதினோராம் காலை ஒரு முன்கால், அதைத் தாண்டி முன்னால் ஒரு பின்கால், படுக்கையின் விளிம்பில் இன்னொரு முன்காலின் நகங்கள் மட்டும். முன்கால் மெத்தையின் அகலம் 11 செ.மீ.; பின்கால் 17.5 நீளம், 9.5 அகலம்.

நாலாவது வார்ப்பு

ஊற்றும் முன் சுத்தம். கரடி போன பிறகு விழுந்த சருகை முள்வாங்கியால் எடுக்கலாம். மிதியில் அழுந்தி மண்ணோடு இருக்கும் சருகைத் தொடக் கூடாது. எடுத்தால் அடித்தளமும் பிய்ந்து வரும். குழியில் நின்ற நீரைப் பஞ்சால் ஒற்றாமல் ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சினோம்.

சுற்றுச்சுவருக்குப் பழைய எக்ஸ்ரே பிலிம். 5 செ.மீ. அகலப் பட்டையாக வெட்டி, இரண்டை ஒட்டினால் 72 செ.மீ. சுற்று வரும். அதை 28க்கு 17 செ.மீ. முட்டை வடிவில் வளைத்து, பைண்டர் கிளிப் போட்டு, மண்ணில் 1 செ.மீ. அழுத்தி, வெளிப்பக்கம் மண் அணைத்தோம். தடத்துக்கும் சுவருக்கும் குறைந்தது 3 செ.மீ. இடைவெளி வேண்டும். கிட்டப் போனால் பட்டையை அழுத்தும்போதே தடத்தின் சுவர் நெளியும்.

இந்த முறை இரண்டு அடுக்காக ஊற்றினோம். தடத்தைத் தொடும் அடுக்குக்கு டென்டல் ஸ்டோன், பல் மருத்துவர்கள் அச்சு எடுக்கும் மஞ்சள் மாவு. பி.ஓ.பி.யைவிட மிகவும் கெட்டி, மெல்லிய முனைகூட எளிதில் உடையாது. விலை அதிகம் என்பதால் முதுகுக்குப் பழைய பி.ஓ.பி.தான்.

முக அடுக்கு: 400 கிராம் டென்டல் ஸ்டோன், 130 மி.லி. தண்ணீர். வீட்டிலேயே நிறுத்து ஜிப்லாக் கவரில் போட்டுக்கொண்டு போனோம். அங்கே தண்ணீரைக் கவருக்குள் ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடி, இரண்டு நிமிடம் பிசைந்தால் கட்டியில்லாத தோசை மாவுப் பதம். அதில் 50 மி.லி.யைச் சிரிஞ்சில் இழுத்துக்கொண்டோம். சிரிஞ்சின் வாயில் 6 செ.மீ. ட்ரிப்ஸ் குழாய். ஒவ்வொரு நகத்துளைக்குள்ளும் குழாயை அடி தொடாமல் இறக்கி, கீழிருந்து மேலாக நிரப்பிக்கொண்டே குழாயை எடுத்தோம். கீழிருந்து சாந்து ஏறினால் காற்று தானாக மேலே போய்விடும். வேலையே இதுதான், நகம் வந்ததற்கு வேறு ரகசியம் கிடையாது. மிச்சத்தைக் கவரின் மூலையை வெட்டி, தடத்துக்கு வெளியே குதிகால் பக்கத்து மேட்டில் ஒரு கரண்டியின் முதுகில் விழவைத்து, தானாக ஓடி உள்ளே இறங்க விட்டோம்.

முதல் அடுக்கின் பளபளப்பு அடங்கியதும், இறுகுவதற்கு முன், மேல்முகத்தை முள்கரண்டியால் கீறிவிட்டு இரண்டாவதை ஊற்ற வேண்டும். காத்திருந்து காய்ந்துவிட்டால் இரண்டும் ஒட்டாமல் தகடு தகடாகப் பிரியும். இரண்டாவது: 700 கிராம் பி.ஓ.பி., 450 மி.லி. தண்ணீர். வாளியில் முதலில் தண்ணீர். மாவைக் கையால் மழை போலத் தூவி, நீருக்கு மேல் சின்னத் திட்டு எழும் வரை போட்டு, ஒரு நிமிடம் ஊற விட்டு, பிறகு மெதுவாகக் கலக்கல். வாளியின் பக்கத்தைத் தட்டினால் குமிழி மேலே வந்து உடையும். பாதி ஊற்றியதும் தென்னை ஈர்க்கை 20 செ.மீ. துண்டுகளாக நாலு, குறுக்கும் நெடுக்கும் வைத்து மீதியை ஊற்றினோம். ஈர்க்கை முந்தின இரவே நனைய வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சாந்தின் நீரை உறிஞ்சி உப்பிக் கீறல் விடும். கம்பி வேண்டாம், துருக்கறை மேலே வரும்.

அன்று காலை குளிர் அதிகம். ஓடைத் தண்ணீரில் கலந்தால் மணிக்கணக்கில் காக்க வேண்டியிருந்திருக்கும். பிளாஸ்கில் கொண்டுபோன வெந்நீரைக் கலந்து, கைக்குச் சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல் வைத்துக்கொண்டோம். முதுகு இறுகி வரும்போது ஆணியால் தேதி, இடம், முன்கால் என்பதற்கு "மு", நடந்த திசைக்கு அம்பு. இடது வலதையும் அப்போதே எழுதிவிட வேண்டும். வார்ப்பைத் திருப்பினால் முகம் கண்ணாடிப் பிம்பம் போல இடம் வலமாகத் தெரியும். வீட்டுக்கு வந்து யோசித்து எழுதியதால்தான் முதல் வார்ப்பின் சீட்டு தப்பாகிப் போனது.

ஒரு மணி நேரம் விட்டோம். பிறகு வார்ப்பை நெம்பவில்லை. சுற்றி 5 செ.மீ. தள்ளிக் கொத்துக்கரண்டியால் வெட்டி, அடியில் மண்ணோடு சேர்த்துக் குடைந்து, கட்டியாகத் தூக்கிச் செய்தித்தாளில் சுற்றினோம். நகங்கள் அந்த மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். வாளியில் ஒட்டிய மிச்சச் சாந்தை ஓடையிலோ வாய்க்காலிலோ கழுவக் கூடாது. இறுகவிட்டு, உடைத்து, கவரில் வீட்டுக்கு.

காய்வது

மூன்று நாள் மண்ணோடு வைத்து, பிறகு பழைய டூத்பிரஷும் தண்ணீரும் கொண்டு கழுவினோம். நகங்களைச் சுற்றி பிரஷ் கூடாது, தெளிப்பான் மட்டும். கழுவியதும் எடை 1,640 கிராம். நிழலில், ஜன்னலோரம், இரண்டு மரச்சட்டத்தின் மேல் வைத்து தினமும் நிறுத்தோம். ஒன்பதாம் நாள் 1,310. பத்தாம் நாளும் 1,310. எடை நின்றால்தான் காய்ந்தது. கைக்குக் காய்ந்தது போலத் தெரிவது நாலாம் நாளே தெரியும், அப்போது வார்னிஷ் பூசினால் உள்ளீரம் பூத்துக் கிளம்பும். சீக்கிரம் ஆகட்டும் என்று அடுப்பருகே வைக்கவும் கூடாது, சூட்டில் சாந்து தன் நீரை இழந்து சுண்ணாம்பு போல உதிரும்.

செலவு

பி.ஓ.பி. 5 கிலோ 120 ரூபாய், டென்டல் ஸ்டோன் 3 கிலோ 270, சல்லடை 180, தார்ப்பாய் 350, தெளிப்பான் 60, சிரிஞ்ச் 45, பிரஷும் பஞ்சும் 70, கிளிப் 40. மொத்தம் 1,135. எக்ஸ்ரே பிலிமும் ஈர்க்கும் வீட்டில் இருந்தவை. கெட்ட மூன்று வார்ப்புக்கான மாவும் இதில் அடக்கம். ஒரு நல்ல வார்ப்புக்கு மாவுச் செலவு என்று பார்த்தால் 55 ரூபாய்க்குள்தான்.

அடுத்த முறை

90 செ.மீ. படுக்கை போதவில்லை. முன்காலும் பின்காலும் விழுந்தன, ஒரு முழு நடைச்சுற்று விழவில்லை. இரண்டாவது முன்கால் வெளியே போய்விட்டது. 2 மீட்டர் நீளம் வேண்டும், அதற்கு 200 லிட்டர் மண். அவ்வளவையும் சலிப்பது இரண்டு ஆளுக்கு ஒரு நாள் வேலை. அதனால் மழைக்கு முன்பே, மண் காய்ந்திருக்கும்போது சலித்துச் சாக்கில் கட்டி வைக்கப் போகிறோம். ஈர வண்டல் சல்லடையில் இறங்காமல் படுத்தியது.

பின்கால் தடத்தையும் அன்றே எடுத்திருக்கலாம். மாவு ஒரு வார்ப்புக்கு மட்டும் நிறுத்துக் கொண்டுபோனதால் படத்தோடு நின்றுவிட்டது, மறுநாள் மழையில் கரைந்தும் போனது. இனிமேல் பையில் எப்போதும் இரண்டு செட் கவர் இருக்கும். காட்டுமாடு வரும் பாதையில் படுக்கையை எப்படிக் காப்பது என்பதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. வேலி போட்டால் கரடியும் வராது. இப்போதைக்குச் சலித்த மண் இரண்டு வாளி கூடுதலாக ஓரத்தில் மூடி வைத்து, மிதித்த அன்றே சரிசெய்கிறோம்.

வார்ப்பிலிருந்து மறுவார்ப்பு எடுத்து, தரையில் இருந்தபடியே பள்ளமாகத் தடத்தைக் காட்டுவது அடுத்த வேலை. முகத்தில் சோப்புக் கரைசலை மூன்று பூச்சு பூசித் துடைத்து, நகங்களின் அடிச்சரிவைக் களிமண்ணால் அடைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். அடைக்காவிட்டால் வளைந்த நகம் கொக்கி போல மாட்டிக்கொண்டு, பிரிக்கும்போது உடையும்.